கூழைக்கடா போட்ட மீன்

ஏரியில் கூடு கட்டிய பறவையெல்லாம், தன் அலகு கொள்ளும் அளவு மண் சுமந்து வந்து கரையில் போட வேண்டும் என்பது வழக்கம். கூழைக்கடாவுக்கோ பெரிய வாய். சுமைக்குப் பயந்து அது கூட்டைப் பக்கத்து ஏரிக்கு மாற்றிக்கொண்டது. மீன் பிடிக்க மட்டும் இங்கே வரும். போகும்போது நீர்க்கோழிக்கு ஒரு கெண்டையைப் போட்டுவிட்டுப் போகும்.

“அண்ணன் எங்க இருந்தா என்ன, நம்மள மறக்கலையே” என்று நீர்க்கோழி எல்லாரிடமும் பரிந்து பேசும்.

அடைமழையில் கரை கசிந்தது. சின்ன அலகால் மண் சுமந்து சுமந்து நீர்க்கோழி ஓய்ந்துபோனது.

“இளைச்சுட்டியே தங்கச்சி, சாப்பிடு” என்று கூழைக்கடா அன்றைக்குப் பெரிய கெண்டையாகவே போட்டது.

நீர்க்கோழி அதைத் தின்னவில்லை. கசிகிற இடத்தில் வைத்து அடைத்துப் பார்த்தது. மீனையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.