கறுத்த நகம்

மூளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த டாக்டர் இன்பராஜுக்கு, நோயாளி இனிப் பிழைக்கமாட்டார் என்பதை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று அன்று காலை வகுப்பெடுத்தார்கள். ஒரு நர்ஸ் நோயாளியின் மனைவியாக நடித்தாள். அவன் நிதானமாகச் சொன்னான், எல்லோரும் பாராட்டினார்கள்.

மதியம் நிஜமான மனைவி முத்தழகியின் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். லாரி மோதி அவள் கணவர் நினைவிழந்து பதினோரு நாளாகிவிட்டது. மனப்பாடம் செய்த முதல் வாக்கியமே வாயில் வரவில்லை. அவள் கணவரின் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த நகம் ஏன் சார் கறுத்திருக்கு?”

“நான்தாம்மா அழுத்தினேன். தினமும் பேனாவை வச்சு. வலிச்சா கையை இழுக்குறாரான்னு பார்க்க.”

“இழுத்தாரா?”

“மொதல் ரெண்டு நாள் இழுத்தாரு. அப்புறம் இல்லம்மா.”

அவள் அந்த நகத்தை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.

“அப்போ இப்ப அவருக்கு எதுவும் வலிக்கல, அப்படித்தானே?”

“ஆமாம்மா.”

“அப்போ நாளைக்கு அழுத்தாதீங்க சார்,” என்றாள்.