கீவ் நகரத்து மே தினம்

எப்போதாவது கதிர்வீச்சுக்கு ஆளானதுண்டா என்று டொக்டர் றஷ்மி கேட்டதும், பத்மாவதிக்கு முதலில் நினைவு வந்தது ஐஸ்கிரீம்.

இடது மார்பில் புற்றுநோய் என்று போன கிழமைதான் உறுதியானது. பயப்படவேண்டிய நேரத்தில் மனம் போன இடத்தைப் பாருங்கள்.

1986, மே முதலாம் திகதி, கீவ் நகரம். அவளுக்கு இருபது வயது. புலமைப்பரிசில் கிடைத்து சோவியத்துக்குப் பொறியியல் படிக்கப் போயிருந்தாள். ஐந்து நாளைக்கு முன் செர்னோபிலில் அணுஉலை வெடித்திருந்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை. மாணவர்களை ஊர்வலத்தில் நடக்கவிட்டார்கள்.

அவளும் கூடப் படித்த ஹாஷிமும் ஒரே பதாகையின் இரண்டு தடிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு தெருவோரம் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் இருந்த சந்தோஷத்தில், யாராவது சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

டொக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நோய் அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இள வயதில் கதிர்வீச்சுப் பட்டால் ஆபத்துக் கூடும் என்றார். அங்கே கூடப் படித்தவர்களோடு தொடர்பிருந்தால், ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

பத்மாவதி வெள்ளவத்தை காலி வீதிக்கு வந்து, ஒரு கடை நிழலில் நின்றாள். கைத்தொலைபேசியை வெளியே எடுத்தாள்.

ஹாஷிம் இதே ஊரில், கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறான். படித்து முடித்துத் திரும்பியதும் இரண்டு வீட்டிலும் மதத்தைச் சொல்லி மறித்தார்கள். அவன் வீட்டார் காட்டிய பெண்ணைக் கட்டினான். இவள் கட்டவேயில்லை.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய இலக்கம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி மௌத்தானபோதும், குழுவில் எல்லோரோடும் சேர்ந்து ஓர் அனுதாப வரிதான் அனுப்பினாள். தனியாக எடுத்துக் கதைக்க ஒரு சாட்டு வேண்டாமா? இத்தனை காலமாக அது கிடைக்கவில்லை.

இன்றைக்குக் கிடைத்துவிட்டது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

இரண்டாவது மணியிலேயே அவன் எடுத்தான்.

“ஹாஷிம், நான் பத்மா. எனக்கு மார்பில கான்சராம். கீவில என்னோட இருந்தவை எல்லாரும் ஒருக்கா செக் பண்ண வேணும் எண்டு டொக்டர் சொன்னவ.”

என்ன செக், எங்கே செய்வது என்று எதையும் அவன் கேட்கவில்லை.

“நீங்க இப்ப எங்க ஈக்கிறீங்க, பத்மா?” இடத்தைச் சொன்னாள். “அங்கேயே நில்லுங்க, நான் வாரன்.”

டொக்டர் சொன்னது கூடப் படித்த பெண்களை மட்டும். அதை அவன் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.