ரோஜாவுக்கு ஊன்றிய முருங்கை

“இது என் பட்டா நிலம். என் மரத்துல கை வைக்காதே!” பூவும் பிஞ்சுமாக இருந்த முருங்கையை மறித்து நின்று பூங்கோதை கத்தினாள்.

“குடியிருப்போர் சங்க விதிப்படி வில்லாக்களில் முருங்கை கூடாது. வழி விடுங்க மேடம்,” என்ற தோட்ட எந்திரம், நீண்ட கையால் அவளைத் தாண்டி மரத்தை வெட்டியது. கிளைகளை வீணாக்காமல், சங்கத் தலைவர் வரதராஜன் வீட்டு ரோஜாக்களுக்கு முட்டுக் கம்புகளாக ஊன்றியது.

மழை பெய்தது. அத்தனை கம்பும் துளிர்த்தது. தலைவர் வீட்டில் முருங்கை வளர்வதாகப் பூங்கோதை அன்றே புகார் கொடுத்தாள்.

எந்திரமும் பூங்கோதையும் வந்ததும் வரதராஜன் கேட்டை மறித்தார். “வேரோட பிடுங்கினா என் ரோஜாவும் போயிடும்மா! புகாரை வாபஸ் வாங்குங்க.”

“என் மரத்தை வெட்டினப்ப மாடியில நின்னு வேடிக்கை பாத்தீங்களே?” என்றாள் பூங்கோதை. “வழி விடுங்க சார்.”