வண்டல் படியட்டும்

"இன்னுமா நிறுத்துக்கிட்டிருக்க?"

லேப் பொறுப்பாளர் தலைக்கு மேல் வந்து நின்றதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடை இன்னும் இறங்குது சார். ஈரம் முழுசாப் போகல. திரும்ப சூடு பண்ணி, ஆறவெச்சு..."

"திரும்ப, திரும்ப, திரும்ப. நத்தைன்னு பேர் வெச்சது சரிதான்."

பேர் வைத்த மகராசனே அவர்தான்.

தண்ணீரில் சல்ஃபேட் எவ்வளவு என்று பார்க்கும் வேலை. மருந்து ஊற்றினால் வெள்ளையாக வண்டல் திரளும். அது படியும்வரை காத்திருந்து, வடிகட்டி, சின்னக் கிண்ணத்தில் தாளோடு எரித்து, மிஞ்சியதை நிறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி வண்டல் தாளில் நிற்காமல் ஓடிவிடும். 'பதறாத காரியம் சிதறாது' என்று சார் அறைக் காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறது. அவர் அதில் தேதி மட்டும்தான் பார்ப்பார் போல.

பக்கத்து மேஜைக்காரனுக்கு அவர் வைத்த பெயர் மின்னல். சாயங்கால டீ வருவதற்குள் எல்லா பாட்டிலையும் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு தண்ணீரையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். அவனுக்கு இரண்டும் கடைசிப் புள்ளிவரை அச்சாக ஒத்துப்போகும். இரண்டாவது கிண்ணம் அவன் மேஜையில் ஏறியதை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

இருவருமே தற்காலிகம். ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். யாருக்கு என்று மதியமே சொல்லிவிட்டார் சார். மின்னலுக்கு. நத்தை இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம்.

அழுகைகூட வரவில்லை அவளுக்கு. எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் உருகி உருகி நிறுத்தது யாருக்காக?

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு சார் மறுபடி வந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவள் மேஜையில் வைத்தார்.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. பேத்திக்கு ஒரு வாரமா வயித்தால போகுது. தண்ணில சல்ஃபேட் கூடியிருக்கான்னு டாக்டர் பாக்கச் சொல்றார்."

"வெச்சிட்டுப் போங்க சார். காலைல மின்னல்கிட்ட குடுத்துடறேன். டீக்குள்ள முடிச்சிடுவார்."

சார் சட்டென்று பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அவன்கிட்ட வேணாம்மா. நீயே பாரு. மாசக் கடைசி வரைக்கும் இருப்பேல்ல? அவசரமே இல்ல, மெதுவாப் பாரு."