இராமதாஸ் கேட்ட கேள்விகள்

“என் புருஷன் வீட்டோட மாப்பிள்ளையான்னு கேட்டிருக்கான் சார் அந்தாளு! அவரு எந்த வீட்டுல படுக்கிறாருன்னு தெரிஞ்சாத்தான் இவனுக்குச் சட்டம் புரியுமா?”

லினெட் போட்ட சத்தத்தில், சட்டப் பிரிவின் வாசலில் நின்ற பியூன் கலியமூர்த்தி தானாகவே ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் கோபத்தில் தப்பே இல்லை. அரசு டிரைவராக இருந்த அவளுடைய அப்பா பிரகாசம், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். லினெட் ஒரே பெண். வாரிசு வேலை கேட்டு மனு போட்டாள்.

“நீ கல்யாணமான பொண்ணாச்சேம்மா. எதுக்கும் சட்டப் பிரிவுல ஒரு கருத்து கேட்டுடுவோம்” என்று அப்பாவின் ஆபீசில் கோப்பை இங்கே அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் இராமதாஸ் உட்கார்ந்திருந்தார். கருத்து எழுத வேண்டிய மனுஷன், கேள்வியாக எழுதித் தள்ளினார்.

ஞானஸ்நானப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் ஒரே ஆளுடையதுதானா? கோயிலுக்கு ஓடி, ஃபாதரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். கல்யாணம் கோயிலோடு சரியா, முனிசிபாலிட்டியிலும் பதிவானதா? அதற்கும் அலைந்து சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தாள். அதை வாங்கி வைத்துக்கொண்டு, ‘மனுதாரருக்குத் திருமணம் ஆனதற்கு ஆதாரம் உண்டா?’ என்று அடுத்த கேள்வியை அனுப்பினார் அந்தப் புண்ணியவான்.

இதற்குள் உப்பளம் பகுதியில் அவர்கள் இருந்த அரசு குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அம்மா ஆனந்தமேரி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார். கணவன் மரிய அருணுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது.

முன் மேஜையிலிருந்த சுலோசனா மேடம் லினெட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“பாவம்மா நீ. எங்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே எழுதி அனுப்பியிருப்பேன். ஒரு தடவ கருத்து எழுதிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் அந்தக் கோப்பை எவனும் தொட முடியாது. இவருக்கு இழுத்தடிக்கலேன்னா தூக்கம் வராது.”

“இன்னைக்கி ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் மேடம் போவேன்.”

இராமதாஸ் அரசிதழைப் படித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் யாருமே படிக்காத அந்தப் புத்தகத்தை, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். எதிரில் ஒருத்தி வந்து நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை.

“சார்!”

“ஒரு நிமிஷம் இரும்மா.”

“இன்னும் எத்தினி நிமிஷம் சார் இருக்கணும்? நடுத்தெருவுல வந்து நிக்கிற வரைக்குமா?”

அவர் பக்கத்தைப் புரட்டினார். லினெட் அந்தப் பக்கத்தின் மேலேயே கையை வைத்து அடித்தாள்.

“கைய எடும்மா. இப்ப எனக்கு இதான் முக்கியம்.”

அவ்வளவுதான். லினெட் போனை எடுத்து வீடியோவைப் போட்டுவிட்டாள்.

“பாருங்க ஜனங்களே! அப்பா செத்த பொண்ணு எதிர்ல நிக்கிறேன். இவரு உக்காந்து புத்தகம் படிக்கிறாரு! இவருக்குத்தான் நம்ம வரிப்பணத்துல சம்பளம்!”

வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. “நல்லா கேளும்மா” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

இராமதாஸ் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்து முடித்தார். பிறகு கலியமூர்த்தியைக் கூப்பிட்டு லினெட்டின் கோப்பை எடுத்துவரச் சொன்னார். வந்ததும் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“உங்களுக்கு வேலை கொடுக்கலாம்னு எழுதிட்டேன். இன்னைக்கே உங்கப்பா ஆபீசுக்குப் போயிடும்.”

சந்தோஷப்பட வேண்டியவளுக்கு ரத்தம் கொதித்தது. இந்த நாலு வரிக்காகவா இத்தனை நாள் நாயாக அலைய விட்டார்?

“கேமரான்னதும் கை தானா எழுதுதா? இத மொதல்லயே எழுதறதுக்கு உனக்கு என்ன கேடு? எங்கம்மா அழுத அழுகை உனக்குத் தெரியுமா? மனுஷனாயா நீ?”

“சத்தம் போட்டாத்தான் இங்க எதுவும் நடக்குது” என்றார் சுலோசனா மேடம், எல்லாருக்கும் கேட்கும்படி.

இராமதாஸ் பேனாவை மூடினார். அரசிதழை லினெட் பக்கமாகத் திருப்பி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“வீடியோ ஓடுதில்ல? சத்தமாவே படிங்க.”

லினெட் முறைத்துக்கொண்டே படித்தாள்.

“‘திருமணமான மகளும் இனி வாரிசு வேலைக்குத் தகுதியுடையவர். இந்தத் திருத்தம் இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. இதுவரை முடிவு செய்யப்படாத மனுக்களுக்கும் இது பொருந்தும்.’”

அவள் குரல் தானாக இறங்கியது.

“இது... எப்ப சார் வந்துச்சு?”

“காலையிலதான். திருத்தம் வரப்போவுதுன்னு தெரியும். எப்ப அச்சாகி வரும்னுதான் தெரியல.”

“அப்போ அந்தக் கேள்வியெல்லாம்?”

“கோப்பு மொத தடவ வந்தப்பவே பதில் எழுதி அனுப்பியிருக்கலாம்மா” என்றார் இராமதாஸ். “‘கொடுக்க முடியாது’ன்னு.”