உச்சிப்படிக்குக் கேட்ட குரல்

மாலை வெயில் சிசிலித் தீவின் பழைய கிரேக்க அரங்கத்துக் கற்படிகளில் தேன்நிறமாய்ப் படிந்திருக்கிறது. தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வழிகாட்டி நுன்சியா பயணிகளை அழைத்து வந்திருக்கும் முதல் நாள். நடுவிலுள்ள வட்டத் தரையில் அவள் நிற்கிறாள்; படிகளில் அமர்ந்தவர்கள் தொப்பியால் விசிறியபடி காத்திருக்கிறார்கள். பேச வாயெடுத்தால் பாதி காற்றுதான் வருகிறது. கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். கீழே சரிவில் ஆட்டு மணிகள் கிணுகிணுக்கின்றன. உச்சிப்படியில் பேருந்து ஓட்டுநர் கலோஜெரோ சாவகாசமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறான். “அந்தத் தடியனுக்கு எங்க கேக்கப்போவுது,” என்று வாய்க்குள் முணுமுணுக்கிறாள். “தடியனுக்கு நல்லாவே கேக்குதுக்கா, நீங்க ஆரம்பிங்க!” என்கிறான் மேலிருந்து. படிகள் முழுக்கச் சிரிப்பு எழுகிறது. நுன்சியாவும் சிரித்துக்கொண்டே, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், அரங்கத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்.