சொன்ன பேச்சு கேட்ட சாமுராய்

“குதிக்கப் போறான்... இந்தா, குதிச்சிருவான்...”

மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தான் வெயிலுமுத்து. டி.வி.யில் தெரிந்த சாமுராய் குதிக்கவில்லை. உடைந்த பாலத்தின் விளிம்பில் வாளும் கையுமாக நின்றான். பிறகு அரை மனதாக ஓர் எட்டு வைத்து, நேராகப் பள்ளத்துக்குள் விழுந்தான். திரை இருண்டது.

பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூட்டம் உச்சுக் கொட்டியது. நல்ல வேளை, உடனே வெளிச்சம் வந்துவிட்டது. அதே பாலம். அதே சாமுராய், மேலே ஒரு கீறல் இல்லாமல் நின்றான்.

“அம்புட்டும் கனவு,” என்றான் வெயிலுமுத்து, யோசிக்காமல். “விடியக்காலம் கண்ட கனவு. நெசச் சண்டை இனிமத்தான்.”

கூட்டம் கை தட்டியது. வாசலில் நின்றிருந்த சிராஜ் பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தாராவியில் அவருடையது சின்ன வீடியோ கொட்டகை. தாதரில் வீடியோ கேமாக வந்து பையன்களைப் பைத்தியமாக அடித்த சாமுராய், ஜப்பானில் கார்ட்டூன் படமாகவே வந்துவிட்டான் என்று தட்டி எழுதி வைத்துக் கூட்டம் சேர்த்திருந்தார். ஜப்பான் பேச்சு யாருக்குப் புரியும்? எனவே டி.வி. சத்தத்தை அணைத்துவிட்டு, கண்ணில் படுவதைத் தமிழில் சொல்ல வெயிலுமுத்துவைப் பிடித்தார். அவனுக்குத் தோல் கிடங்கில் உப்புத் தட்டும் வேலை. கடைசி வரை கூட்டம் கலையாவிட்டால் இனி மைக்தான் அவனுக்குப் பிழைப்பு. கலைந்தால் திங்கட்கிழமை மறுபடி உப்பு. இதுதான் பேச்சு.

போலீஸ் எந்த நேரமும் நுழையலாம் என்பதால் வீடியோ மெஷினைச் சுவருக்கு அந்தப் பக்கம், தன் வீட்டுக்குள் வைத்திருந்தார் பாய். வயர் மட்டும் ஓட்டை வழியாக வந்தது. உள்ளே மெஷினைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி அக்தர் பானு. சினிமாஸ்கோப் மாதிரி இருக்கட்டும் என்று டி.வி.யின் மேலும் கீழும் கறுப்புத் துணி வேறு ஒட்டியிருந்தார்.

எல்லாம் சரி, முதல் வரிசையில் ஜஹாங்கீர் உட்கார்ந்திருந்ததுதான் சரியில்லை. தாதர் கேம் கடையில் கடைசிக் கோட்டை வரை போனவன் என்று பெயர் வாங்கியவன். அந்த கேமில் சாமுராய் கட்டை விரல் உயரம்தான். நாலு கட்டத்தில் ஒரு முகம். இந்தப் படத்து சாமுராய்க்கோ மீசை முடி கூடத் தெரிகிறதே என்று முதலில் வாய் பிளந்தான். சண்டை தொடங்கியதும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

“வெயிலுண்ணே, கேம்ல விழுந்தா ஒரு லைஃப் போச்சு, அம்புட்டுத்தான். இங்க விழுந்தா கனவுங்கீங்க. அப்புறம் இவனுக்கு என்ன பயம், நமக்கு என்ன பயம்?”

கேமில் எதிரி காத்திருக்க மாட்டான், இங்கே ரேஷன் கடை மாதிரி வரிசையில் வருகிறார்கள் என்றான். கேமில் தான் ஆடியிருந்தால் இதற்குள் கோட்டை வாசலில் நின்றிருப்பேன் என்றான். சிரிப்பு பரவியது. பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். வெயிலுமுத்துவுக்கு அங்கே உட்கார்ந்தபடியே உப்பு நாற்றம் அடித்தது.

கோட்டைக்குள் சிவப்பு அரக்கன் வந்தான், இரண்டு கையிலும் வாளோடு. சாமுராய் கண் தெரியாதவன் போல அந்த வாளை நோக்கியே நடந்தான். ஒரு வெட்டு வாங்கினான். இன்னொன்று வாங்கினான். மண்டியிட்டு எழுந்தான்.

வெயிலுமுத்து கதை சொல்வதை மறந்தான். கிடங்கில் மூட்டை இறக்கும்போது வரும் குரல் தானாக வந்தது.

“ஏலே, குனி. தலைக்கு மேல வாரான் பாரு. குனில.”

சாமுராய் குனிந்தான்.

செருப்பைத் தேடியவர்கள் டி.வி. பக்கம் திரும்பினார்கள்.

“இப்பம் குதி.”

குதித்தான்.

“பின்னால போ. இன்னும் கொஞ்சம். நில்லு... அவன் திரும்பட்டும். ம், போடு.”

போட்டான். அரக்கன் சரிந்தான். கோட்டைக் கதவு திறந்து வாணவேடிக்கை பூத்தது. செருப்பு மாட்டியவர்கள் எப்போது மறுபடி உட்கார்ந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

ஜஹாங்கீர் எழுந்து வந்து வெயிலுமுத்துவின் தோளைப் பிடித்தான்.

“ஒத்துக்கிடுதேன்ணே. தாதர்ல தொண்டை கிழியக் கத்துவேன், என் சாமுராய் ஒருநாளும் கேட்டதில்ல. கேம் சண்டையில நாம தனி ஆளு. கார்ட்டூன்ல பாருங்க, சொன்ன பேச்சு கேக்கான். இதுதான் கூட்டாளிச் சண்டை.”

அந்த கேசட்டை ஒரு ராத்திரிக்குத் தரச் சொல்லி அவன் பாயிடம் கெஞ்சினான். ஓசி வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பாய் மழுப்பி அவனை அனுப்பி வைத்தார். பிறகு மைக்கை வெயிலுமுத்துவிடமே நீட்டி, அடுத்த ஞாயிறு சீக்கிரம் வந்துவிடும்படி சொன்னார்.

வெயிலுமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தனக்குப் பிழைப்புக் கொடுத்த அந்த கேசட்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்கத் தோன்றியது. பாய் வீட்டு வாசல் திரைச்சீலையை விலக்கினான்.

“தங்கச்சி, அந்த கேசட்டைக் கொஞ்சம் கண்ணுல காட்டேன்.”

வீடியோ மெஷின் வாய் திறந்து காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ரீல் உருவிய ஒரு கேசட். சின்ன கறுப்பு வெள்ளை டி.வி.க்கு முன்னால், தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த புது வீடியோ கேம் பெட்டியை மடியில் வைத்து, வீங்கிய கட்டை விரலை நீவிக்கொண்டிருந்தாள் அக்தர் பானு.

“கேசட் காலையிலேயே அறுந்துட்டுண்ணே,” என்றாள். “இந்தக் கறுப்பு வெள்ளையில அவன் வாள் வாரதே எனக்குத் தெரியல, நீங்க ‘குனி’ன்னு சொல்லப் போய்த்தான் குனிஞ்சேன்.”